செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் இன்றைய கூட்டத்தில் ஆற்றும் உரை. மலர்க் குழுவினர் கேட்டதால் முன்கூட்டியே எழுதித் தந்தது.)



"படைப்பாற்றலைப் பற்றி இருபது நிமிஷம் பேசிடு தம்பி" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னபோது, "அண்ணே, நான் கவிஞன் இல்லையே, தொழிற்சாலையில ஜிக், ஃபிக்ஸ்சர் போடுறவன்" என்றேன். "கவிஞருங்க போன வருஷம் பேசியாச்சு" என்றார். எனவே கவிதை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

படைப்பாற்றல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாட்டு, ஓவியம், சினிமா. கல்லூரியில் என்றால் ஆண்டு விழா மேடைக்கு அலங்காரம் செய்கிற பையன், வாசலில் பெரிய கோலம் போடுகிற பெண். மீதிப் பேர் 'நமக்கெல்லாம் அது வராதுப்பா' என்று ஒதுங்கிவிடுகிறோம். போதாக்குறைக்கு, கணக்கு என்றாலே ராமானுஜன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். கும்பகோணத்துத் திண்ணையில் ஒருவருக்குக் கிடைத்தது, நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று ஒரு எண்ணம். இந்த எண்ணம் தவறு என்று எனக்குப் புரிய வைத்தது எந்த மேல்நாட்டுப் புத்தகமும் இல்லை. நம் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு பாறை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில், ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. நம்மில் பலர் அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருப்போம். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஊருக்கு அருகே ஒரு சிறு குன்று. அதன் முகத்தைக் குடைந்து ஒரு மண்டபம். முகப்பில் நடுவே இரண்டு தூண்கள், ஓரங்களில் பாறையோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இரண்டு கோடியிலும் வாயிற்காவலர் சிற்பங்கள். பின்சுவரில் பிரமன், ஈசன், திருமால் மூவருக்குமாக மூன்று அறைகள். இன்றைக்கு மூன்றும் காலி. அவசரமாகப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிஷ வேலை. செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. நான் மண்டகப்பட்டுக்குப் போன அன்று அங்கே என்னையும் ஆடு மேய்த்த ஒரு பெரியவரையும் தவிர வேறு யாருமில்லை.

ஆனால் அந்த முகப்பில் ஒரு சின்ன சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டியது. மன்னர்கள் கல்வெட்டு வெட்டினால் என்ன சொல்வார்கள்? இந்த நாட்டை வென்றேன், இத்தனை யானை பிடித்தேன், இத்தனை பொன் கொடுத்தேன் என்று. இவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. மூவருக்கும் எடுப்பித்த இந்தக் கோயில் செங்கல் இல்லாதது, மரம் இல்லாதது, உலோகம் இல்லாதது, சுதை இல்லாதது என்று சொல்கிறான். சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. நான்கு 'இல்லாதது' சொல்லிவிட்டுத் தன் பெயரைப் போடுகிறான். அதுவும் மகேந்திரன் என்று போடவில்லை. விசித்திரசித்தன் என்று போடுகிறான். விசித்திரமான மனசுக்காரன், புதுசு புதுசாக யோசிக்கிறவன் என்று பொருள் கொள்ளலாம்.

ஒரு இன்ஜினீயராக அந்த நான்கு சொற்களின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அந்தக் காலத்தில் கோயில் கட்டுவதென்றால் தேவைப்பட்ட பொருள்களின் பட்டியல்தான் அது. இன்றைய மொழியில் சொன்னால் எஸ்டிமேட்டின் முதல் பக்கம். செங்கல் அடுக்கி, சாந்து பூசி, மர உத்தரம் போட்டு, ஆணியடித்துக் கட்டினார்கள். மரம் மக்கும், சாந்து உதிரும், செங்கல் சரியும். அதனால்தான் மகேந்திரனுக்கு முந்தைய கோயில்கள் தரைக்கு மேலே நமக்கு அதிகம் மிஞ்சவில்லை. மாமல்லபுரம் பக்கம் சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு செங்கல்லால் ஆன ஒரு பழைய முருகன் கோயிலை மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் 'இவை இருந்தால்தான் கோயில்' என்று நினைத்துக்கொண்டிருந்த பட்டியலை ஒருவன் கையில் எடுத்து, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, 'மிச்சம் என்ன இருக்கிறது?' என்று கேட்டிருக்கிறான். மிச்சம் இருந்தது பாறை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பாறையைக் குடைவது மகேந்திரன் கண்டுபிடித்த வித்தை இல்லை. அஜந்தாவில் அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குடைந்தார்கள். பாதாமியின் மூன்றாவது குகை 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு இருக்கிறது. நம் நாட்டிலேயே சமண முனிவர்களுக்குப் பாறையில் படுக்கை செதுக்கித் தந்தவர்கள் இருந்தார்கள். அப்படியென்றால் இவன் காப்பியடித்தானா? மாணவர்கள் இந்தக் கேள்வியில்தான் தவறிப் போகிறார்கள். 'சார், இந்த ஐடியாவை ஏற்கெனவே யாரோ செஞ்சுட்டாங்க' என்று வாடிய முகத்தோடு வருவார்கள். யாரும் செய்யாததைத்தான் செய்ய வேண்டும் என்றால் உலகத்தில் ஒருவரும் எதையும் தொடங்கியிருக்க முடியாது. பாதாமி மணற்கல். நம் பக்கத்துப் பாறை அப்படியா? உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். கல் வெட்டுகிறவன் பக்கத்திலேயே உளி காய்ச்சி அடித்துக் கொடுக்க ஒரு கொல்லன் பட்டறை வேண்டும். அங்கே பார்த்த ஐடியாவை இங்கே, இந்தக் கல்லில், இந்த உளியால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. மண்டகப்பட்டுத் தூண்கள் பருமனாக, அலங்காரம் குறைவாக இருப்பதைப் பார்த்து 'சுமார்' என்று சிலர் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அது புதிய பொருளில் முதல் தடவை வேலை செய்கிறவனின் ஜாக்கிரதை. செங்கல் சுவரில் தப்பு வந்தால் இடித்துக் கட்டலாம். பாறையில் ஒரு விரற்கடை அதிகம் போனால் ஒட்டவைக்க முடியாது.

எப்படி வெட்டினார்கள் என்பதும் மர்மமில்லை. மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குகைகள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நடுவில் துருத்தி நிற்பதைத் தட்டி எடுத்து, மறுபடி அடுத்த அடுக்குக்குப் போயிருக்கிறார்கள். முடிந்த வேலையைவிட முடியாத வேலைதான் நமக்குப் பாடம் சொல்கிறது. இன்னொரு வருத்தமும் உண்டு. கல்வெட்டில் விசித்திரசித்தன் பெயர் இருக்கிறது. உளி பிடித்த ஒருவர் பெயரும் இல்லை. இது அந்தக் காலத்து வழக்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்தக் காலத்துப் பெயர்ப் பலகைகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

சரி, அந்தப் பொறி ஒரு குகையோடு நின்றுவிட்டதா? பெரும்பாலும் நம் மாவட்டத்தை விட்டுத் தாண்டாமலே பார்க்கலாம். அதே வட்டாரத்தில் தளவானூர்க் குகை. அங்கே முகப்பின் மேல் மகர தோரணம் வந்துவிட்டது, கை கொஞ்சம் தைரியமாகிவிட்டது. அப்புறம் மாமல்லபுரத்தில் வெளியிலிருந்து செதுக்கிய ஒற்றைக்கல் ரதங்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலத்துக்கு வந்தால், நம் பனைமலையில் குன்றின்மேல் கல்லை அடுக்கியே கட்டிய கோயில். அங்கே ஒரு பக்கச் சன்னதிச் சுவரில் குடையின் கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள். குடைவதில் தொடங்கி அடுக்குவது வரைக்கும் ஏறக்குறைய நூறு வருஷம் பல கைகள் மாறி வந்த வேலை. ஒரே நாளில் ஒரே மூளையில் பளிச்சென்று எரிந்த விளக்கு இல்லை.

மகேந்திரனைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இவன் மத்தவிலாசம் என்று ஒரு நகைச்சுவை நாடகமும் எழுதியவன். குடிபோதையில் கபாலத்தைத் தொலைத்துவிட்டு அடுத்தவர்மேல் பழி போடும் ஒரு காபாலிகனின் கதை. கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிப் போனது நாய். அரசாங்க வேலையும் பார்த்து, கோயிலும் குடைந்து, நாய் கபாலம் தூக்கும் நாடகமும் எழுதியிருக்கிறான். 'படிப்பு கெட்டுடும், டிராமாவெல்லாம் வேணாம்' என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

படைப்பாற்றலை விஞ்ஞான முறையில் ஆராய வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்ட் 1950-இல் பேசிய பேச்சு புகழ்பெற்றது. அவரும் அவர் வழியில் வந்தவர்களும் வைத்த சோதனைகளில் ஒன்று: ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம், சொல்லுங்கள். கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், அடுப்புக் கூட்டலாம், பேப்பர் பறக்காமல் வைக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் நம் மண்டகப்பட்டுக்காரன் கேட்டது அதற்கு நேர் எதிரான கேள்வி: செங்கல் இல்லாமல் என்ன செய்யலாம்? எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பிடித்திருக்கிறது. முதல் கேள்விக்கு நிறையப் பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு ஒன்றிரண்டுதான் வரும், ஆனால் அவற்றை நம்பி வேலையில் இறங்கலாம்.

'திடீரென்று உதிக்கும்' என்கிறார்களே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்கரே தனக்கு ஒரு பெரிய தீர்வு பஸ் படியில் கால் வைத்த நொடியில் தோன்றியது என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் குதிரை பஸ். நாமும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தினமும் படியில் கால் வைக்கிறோம், ஒன்றும் தோன்றவில்லையே! ஏனென்றால், அவர் அதற்கு முன்பு பதினைந்து நாள், தினந்தோறும் மேசையில் உட்கார்ந்து அதே கணக்கோடு முட்டி மோதியிருந்தார். பஸ்ஸில் ஏறிய மனசுக்குள் கணக்கு ஊறிக்கொண்டிருந்தது. ஊறப் போடாத அரிசியை ஆட்டினால் மாவு வராது. அப்படித் தோன்றிய பிறகும், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சரிபார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'ராஜாவுக்கு ஆளும் இருந்தது, பணமும் இருந்தது, நமக்கு?' இந்தக் கேள்வி நியாயமானது. அதனால் விழுப்புரத்தை விட்டுத் திண்டிவனம் வருகிறேன்.

திண்டிவனத்துக்காரர்களுக்கே தெரியாமல் திண்டிவனத்தின் பெயர் வெளி மாநில வயல்களில் புழங்கியிருக்கிறது. 'டி.எம்.வி. 2' என்ற மல்லாட்டை ரகம். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் விவசாயிகள் அதைத்தான் கேட்டு வாங்கி விதைத்தார்கள். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். இங்கே இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் அடையாளம். அந்த ரகம் வெளிவந்தது 1940-இல். எப்படி உருவாக்கினார்கள் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குடியாத்தம் கொத்து என்று விவசாயிகளிடம் ஏற்கெனவே இருந்த ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. கூட்டுத் தேர்வு என்று அந்த முறைக்குப் பெயர். பல தினுசுச் செடிகள் கலந்து நிற்கும் வயலில் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விதையைச் சேர்த்து விதைத்து, மறுபடி தேர்ந்தெடுப்பது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை போல இருக்கும். ஆனால் மல்லாட்டையில் காய் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தழை செழித்துக் கிடக்கும். பிடுங்கினால் கீழே பிஞ்சும் பொக்கும். பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிற பொறுமை வேண்டும்.

எங்கள் அம்மா விதைக்கு மல்லாட்டை உடைக்கும்போது முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பருப்பையும் பார்த்துத்தான் போடுவார். "என்னம்மா இவ்ளோ நேரம்?" என்றால், "திங்கறதுன்னா எப்படி இருந்தா என்ன, இது மண்ணுக்குப் போறதுடா" என்பார். எதை எடுப்பது என்பதைவிட எதை ஒதுக்குவது என்பதில்தான் அவர் கண் இருக்கும். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்தக் கண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து.

இன்னும் பக்கத்தில் வானூர்ப் பக்கம் ஆரோவில் இருக்கிறது. அங்கேயுள்ள மண் கட்டுமான நிறுவனத்தார் செம்மண்ணில் மணலும் சுமார் 5 சதவீதம் சிமெண்ட்டும் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கல் எடுக்கிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஈரம் காயாமல் வைத்துப் பதப்படுத்துவதுதான் வேலை. ஆரோவில் பார்வையாளர் மையமே அப்படிக் கட்டியதுதான். மண்டகப்பட்டுக்காரன் செங்கல் இல்லாமல் என்றான். இவர்கள் செங்கல்லைச் சுடாமல் என்கிறார்கள். சிவில் தம்பிகள் ஒரு சனிக்கிழமை சைக்கிளில் போனாலும் பார்த்துவிட்டு வரலாம்.

என் தொழிற்சாலை விஷயம் ஒன்று. ஒரு பிராக்கெட், வலமும் இடமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். திருப்பி வைத்தாலும் போல்ட் ஏறிவிடும். தப்பு கடைசிச் சோதனையில்தான் தெரியும். ஆபீஸில் கூடிப் பேசி, கேமரா வைக்கலாம், சென்சார் வைக்கலாம் என்று கொட்டேஷன் வாங்குகிற அளவுக்குப் போய்விட்டது. லைனில் வேலை பார்க்கும் ஐ.டி.ஐ. படித்த ஒரு தம்பி, திருக்கோவிலூர்ப் பக்கம், ஒரு நாள் ஃபிக்ஸ்சரின் ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பின் வைத்துக் காட்டினார். திருப்பி வைத்தால் பிராக்கெட் உட்காரவே உட்காராது. அவ்வளவுதான் விஷயம். "எப்படிப்பா தோணுச்சு?" என்றேன். "கண்ணு தெரியாதவங்க மாட்டினா அவங்களுக்கு எப்படித் தெரியணும்னு நெனச்சுப் பார்த்தேன் சார்" என்றார். ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ 1960-களில் இதற்குப் 'போக்கா-யோக்கே' என்று பெயர் வைத்துப் பரப்பினார். நம் தம்பி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. மூன்று ஷிஃப்டிலும் அந்தப் பிராக்கெட்டைக் கையால் தொட்டவர் அவர். ஊறப் போட்டவருக்குத் தோன்றியது.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். இது கொஞ்சம் கசப்பான விஷயம், ஆனால் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளலாம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் எங்கிருந்து வருகிறது என்பது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். சென்னைக்கு ஒரு நாள் போய்ப் பணத்தைக் கட்டினால் மாடல், ரிப்போர்ட், வைவாவில் கேட்கிற கேள்வி, சொல்லவேண்டிய பதில் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது சென்னைக்குக்கூடப் போக வேண்டாம். செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ரிப்போர்ட்டை அதுவே எழுதித் தருகிறது. அந்தக் கருவியை நானும் பயன்படுத்துகிறேன், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும். ஆனால் கையில் பிராக்கெட்டைப் பிடித்துப் பார்க்காதவனுக்கு எதைக் கேட்பது என்றே தோன்றாதே!

பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பாதிப் பேர் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும், அதற்கும் உள்ளே இருக்கும் கிராமங்களிலிருந்தும் வந்து போகிறார்கள். நாலரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டுகிறோம். நாலே முக்காலுக்குப் பஸ். அதை விட்டால் ஊருக்குப் போகிற அடுத்த பஸ்ஸுக்கு இருட்டிவிடும்; பெண் பிள்ளைகள் வீட்டில் கேட்பார்கள். இவர்களிடம் போய் 'உனக்குள்ளே இருக்கும் பொறியை ஊதிப் பெரிசாக்கு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊதுவதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டாமா? தொட்டுப் பார்க்க ஒரு லேத், கெடுத்துப் பார்க்க ஒரு இரும்புத் துண்டு, 'பரவாயில்லை, மறுபடி போடு' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? இவை எதுவும் இல்லாமல் செய் என்று சொல்வது மகேந்திரன் சொன்ன 'இல்லாமல்' அல்ல. அவன் செங்கல்லை விட்டான், உளியை விடவில்லை.

மாணவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்து, அதிலுள்ள பாகங்களை எழுதி, ஒன்றை மட்டும் அடித்துவிட்டு, அது இல்லாமல் அந்த வேலை நடக்குமா என்று யோசித்துப் படம் போடுங்கள். வீட்டுத் தெளிப்பான், அரவை மில், பம்ப் செட், பஸ் டிக்கெட் மெஷின் எதுவானாலும் சரி. பத்தில் ஒன்பது தேறாது. தேறாத ஒன்பதையும் கிழிக்காதீர்கள்.

சங்கத்துக்கு நான் கேட்பது பெரிய விஷயம். இந்த வருஷம் நம் கட்டட நிதியில் கல்லூரி வாசலில் நுழைவு வளைவு கட்டுவது என்று ஒரு யோசனை இருக்கிறது. வரைபடம் பார்த்தேன், அழகாகவே இருக்கிறது. நன்கொடையாளர் பெயர் பொறிக்கக் கறுப்புக் கிரானைட் பலகையும் உண்டு. பெரியவர்கள் ஆசையாகத் தொடங்கியது, அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் ஒர்க்‌ஷாப்பை ஏழு மணி வரை திறந்து வைக்கலாம். கூட இருக்கும் டெக்னீஷியனுக்குக் கூடுதல் சம்பளம், மெட்டீரியல் வாங்கக் கொஞ்சம் பணம், ஏழு மணிக்கு விழுப்புரத்துக்கு ஒரு வேன், திண்டிவனத்துக்கு ஒரு வேன். பொருளாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வளைவுக்கு ஒதுக்கியதில் இது மூன்று வருஷம் ஓடும். முதல்வர் அவர்களிடமும் பேசினேன். பாதுகாப்புக்கு ஒரு ஆசிரியர் பொறுப்பேற்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள். இரண்டு ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பொதுக்குழுவில், வளைவு இல்லாமல் இந்த வருஷத்தை நடத்துவது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் இருங்கள்.